எல்லா நேரத்திலும் அனுமதி

முப்பத்தெட்டு பெண்களின் போனில் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் இதில் நான் யார்மீது கோபப்பட்டாலும் அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு ஒயர் செட் கட்டுகிற ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். ஒரு காருக்குள் ஓடுகிற அத்தனை ஒயரையும் நீளமான பலகையில் பரப்பி, நிறம் பார்த்துச் சேர்த்து, முனைகளில் கிளிப் மாட்டி, டேப் சுற்றுவது பெண்கள். கட்டி முடித்ததைச் சோதிக்கும் மேடையில் நான். ஒயர் செட்டை அதில் செருகினால் எந்த இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அங்கிருக்கும் கம்ப்யூட்டர் காட்டும். அந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸில் இல்லை, லினக்ஸில் ஓடுகிறது. ஆரம்பத்தில் அது நின்றுபோனால் சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து கறுப்புத் திரையில் ஏதோ தட்டிவிட்டுப் போவார். நான் பக்கத்தில் நின்று என்ன தட்டுகிறார் என்று பேப்பரில் எழுதிக்கொள்வேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், பயம் இல்லை. இரண்டு வருடத்தில் அவர் வருவது நின்றது. எனக்கு வேலை நிரந்தரமானதும் அதனால்தான்.

அதனாலேயே போன் விஷயத்திலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவுக்கு இனி புத்தகமும் கிடையாது, கார்டும் கிடையாது, எல்லோரும் அவரவர் சொந்த போனில் ஒரு ஆப் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஹெச்.ஆர். அதிகாரி சொன்னார். கேட்டுக்கு வந்ததும் அதைத் திறந்தால் திரை பச்சையாகும், செக்யூரிட்டியிடம் காட்டிவிட்டு உள்ளே போகலாம். லைனில் இருக்கிற பெண்களுக்கு நீங்கள்தான் போட்டுக் கொடுக்க வேண்டும், உங்களை நம்புவார்கள் என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

கேன்டீனில் ஒரு மேசை போட்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தராக நாஷ்டா தட்டைக் கழுவிவிட்டு வந்து போனை நீட்டினார்கள். ஆப்பை ஏற்றியதும் அது வரிசையாகக் கேட்கும். கேமராவுக்கு அனுமதி. தொடர்புகளுக்கு அனுமதி. இருப்பிடம் என்று வரும்போது, ஆப் திறந்திருக்கும்போது மட்டும் என்று ஒன்று, எல்லா நேரத்திலும் என்று ஒன்று. முதலாவதை அழுத்தினால் திரை சிவப்பாகும், மேலே போகாது. எல்லா நேரத்திலும் என்பதை அழுத்தினால் பச்சை. நான் முப்பத்தெட்டு தடவை அதை அழுத்தினேன். ஒருத்தர்கூட என்ன அழுத்துகிறாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அந்த வரியின் அர்த்தம் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அழுத்தினேன். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது.

இதில் இன்னொன்று. எங்கள் தொழிற்சாலைக்குள் போகும்போது போன் கேமராவின்மேல் செக்யூரிட்டி ஒரு சின்ன சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்ளே இருக்கிற டிசைன் வெளியே போகக் கூடாதாம். கம்பெனியின் ரகசியத்துக்கு ஸ்டிக்கர் உண்டு. எங்களுக்கு என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது அந்த ஸ்டிக்கரைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒரு அக்கா லைனில் இருந்தார். ஒப்பந்தத் தொழிலாளி, ஆறு வருடமாக. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் சுற்றிய டேப்பில் ஒரு மடிப்புகூட இருக்காது. சோதனை மேடைக்கு அவர் பலகையிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே தடவையில் தேறிவிடும். அதனால் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் இருந்து, பிறகு அதைச் சொல்லியே சிரித்துப் பழகியவர்கள்.

அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கும்போது மூளைக் காய்ச்சல் வந்து, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து பிழைத்து வந்தாள். பெரியபாளையம் பவானி அம்மனுக்கு குளித்து ஈரத்தோடு, வேப்பிலைக் கொத்துகளையே வேப்பஞ்சேலையாக உடுத்தி வலம் வருவதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒரு தாய் என்ன வேண்டிக்கொள்வாள் என்பது எனக்குப் புரியாத விஷயமில்லை. அவர் லீவு கேட்டார். லோடு போகிற மாதம், யாருக்கும் லீவு இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மறுபடி கேட்டார். மறுபடி இல்லை என்றார். வேண்டுதலைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க அவருக்கு மனம் வரவில்லை. காய்ச்சல் என்று போன் செய்துவிட்டு, ஒரு நாள் மகளோடு பெரியபாளையம் போய்வந்தார்.

அடுத்த நாள் வேலைக்கு வந்தவரை ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆப்பைப் பற்றி ஏதாவது சந்தேகம் வந்தால் விளக்க வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி தன் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மேப். அதன்மேல் சிவப்புப் புள்ளிகள். ஊத்துக்கோட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் ஒரு புள்ளி, பஸ் ஸ்டாண்டில் ஒன்று, ரோடு நெடுக வரிசையாக, பிறகு பெரியபாளையத்தில் கொத்தாக ஈ மொய்த்த மாதிரி.

"காய்ச்சல்னு சொன்னீங்க. காய்ச்சல்ல இருக்கிறவங்க நாலு மணி நேரம் பெரியபாளையத்துல என்ன பண்ணீங்க?" என்று அவர் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. அவருடைய அந்த மரியாதையான குரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அக்கா திரையைப் பார்த்தார். அவருக்கு முதலில் விளங்கவில்லை. அதிகாரியிடம் கேட்காமல் என் பக்கம் திரும்பி, "இது இன்னாது?" என்றார்.

"உங்க போனு எங்கெங்க போச்சோ அது, அக்கா."

"நான் எதுவும் அனுப்பலயே."

"தானா போவும்."

"யாரு போவச் சொன்னது?"

அக்கா திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். கொத்தாக இருந்த புள்ளிகளில் ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"இந்த எடம் பொம்பளைங்க குளிக்கிற எடம் சார். இங்கதான் ஈரத் துணியோட நின்னுகினு இருந்தேன். அதுவும் கீது உங்ககிட்ட."

அதிகாரி மௌஸை நகர்த்தி அந்தப் பக்கத்தை மூடினார். பொய்த் தகவல் கொடுத்து விடுப்பு எடுத்தது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்று ஏதோ சொன்னார். அக்கா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த அறையில் என் வாய் ஏன் திறக்கவில்லை என்று நானே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். பயம் என்று சொல்வது சுலபம். உண்மையில், நான் அழுத்திய பட்டன் என்பது வெளியே தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான் அதிகம் இருந்தது. அன்று மாலை பஸ் ஏறும்போது ஒப்பந்தக்காரரின் ஆள் அக்காவிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னான்.

ஆப்பைப் போட்டுக் கொடுக்கிற வேலைக்காக எனக்கு ஒரு லாகின் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் பச்சை வருகிறதா என்று பார்ப்பதற்கு. அதை அவர்கள் திரும்ப வாங்க மறந்திருந்தார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்து என் சொந்தப் பெயரைத் தட்டினேன். அதே மேப், அதே சிவப்புப் புள்ளிகள். என் வீடு. சர்ச். காய்கறிக் கடை. அம்மா வீடு. அப்புறம் பொன்னேரியில் ஒரு ஸ்கேன் சென்டர்.

அந்த ஸ்கேன் சென்டருக்கு நான் போனது என் புருஷனுக்குத் தெரியாது. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு சனிக்கிழமை தனியாகப் போய்வந்தேன். ஒன்றுமில்லைதான். ஆனால் நான் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது எங்கள் ஹெச்.ஆர். அறைக்குத் தெரிந்திருந்தது. கூடப் படுக்கிறவருக்குத் தெரியாதது.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தேன். அழுகை இல்லை. அடிக்க வேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க ஒரே யோசனை. ஆப்பை எடுத்தால் பச்சை வராது. இருப்பிடத்தை அணைத்தாலும் வராது. போனைத் துருவிப் பார்த்தால் அந்த ஆப் மட்டுமில்லை, வேறு எத்தனையோ என் போக்கு வரவை எழுதிக்கொண்டிருந்தன. டார்ச் லைட் ஆப்புக்கு என் இருப்பிடம் எதற்கு? காலண்டர் ஆப்புக்கு என் தொடர்புகள் எதற்கு? நான் வாங்கிய போன், நான் சார்ஜ் போடுகிற போன், எனக்கு வேலை செய்யவில்லை. என் சோதனை மேடைக் கம்ப்யூட்டர் இப்படி இல்லை. அது நான் தட்டியதைச் செய்யும், தட்டாததைச் செய்யாது. அதில் என்னென்ன ஓடுகிறது என்று கேட்டால் பட்டியல் கொடுக்கும். அதே லினக்ஸைப் போனில் போட முடியாதா என்று தேடினேன். முடியும் என்றிருந்தது. எல்லாப் போனிலும் இல்லை, சில பழைய மாடல்களில். அதில் ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் மூலை உடைந்து கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் மகனின் காலேஜ் லேப்டாப்பை வைத்து, கேபிளைச் செருகினேன். முதலில் போனின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் உத்தரவாதம் போகும், பாதுகாப்பு போகும் என்று நாலு எச்சரிக்கை வந்தது. இத்தனை நாளும் இருந்த பாதுகாப்பைத்தான் பார்த்தேனே என்று எல்லாவற்றையும் தாண்டினேன். இரண்டு தடவை பாதியில் நின்றது. மூன்றாவது தடவை போனின் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. என் சோதனை மேடையில் தினமும் காலையில் ஓடுகிற அதே மாதிரி எழுத்து. அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்டதை மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த மகிழ்ச்சி அதிக நேரம் நிற்கவில்லை. போன் பேசலாம், எஸ்.எம்.எஸ். வரும், இன்டர்நெட் மெதுவாக ஓடும். கேமரா வேலை செய்யவில்லை. பணம் அனுப்ப ஸ்கேன் செய்ய முடியாது. வாட்ஸாப் இல்லை. பேங்க் ஆப் இல்லை. காலையில் நூறு சார்ஜ் இருந்தால் மதியம் பதினைந்து. தமிழில் வந்த மெசேஜ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தமிழ் எழுத்தைத் தேடி ஏற்ற ஒரு சாயங்காலம் போனது. இத்தனை கோடிப் பேர் பேசுகிற மொழியை இதைச் செய்தவர்களுக்கு நினைவில்லையா என்று அவர்கள்மீதும் எரிச்சல் வந்தது. யாரோ எங்கோ ஓய்வு நேரத்தில் சும்மா செய்து கொடுக்கிறார்கள், அவர்களைத் திட்டுவது நியாயமில்லை. ஆனாலும் திட்டினேன்.

என் புருஷன் வள்ளூர் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலையில் வெல்டராக இருக்கிறார். வேலை முடிந்து வந்து அந்தப் போனை எடுத்துப் பார்த்தார்.

"இன்னா இது, போட்டோ எடுக்காது, வாட்ஸாப்பு வராது. இது போனா, கால்குலேட்டரா?"

"போனுதான். நான் சொன்னத மட்டும் கேக்குற போனு."

"நல்லா கீற போன வுட்டுட்டு எதுக்கு இந்த பேஜாரு?" என்றார். அப்போதுதான் ஸ்கேன் சென்டர் விஷயத்தை அவரிடம் சொன்னேன். புள்ளிகளைப் பற்றியும் சொன்னேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டார். கட்டியைப் பற்றித் தன்னிடம் சொல்லவில்லையே என்று அவருக்குக் கோபம். அந்தக் கோபம் இரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் போனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

எனக்கு அப்போது ஒரு மடத்தனமான யோசனை வந்தது. பழைய போன் கடையில் அதே மாடல் இன்னொன்று கிடைத்தது. அதிலும் லினக்ஸ் போட்டு, தமிழ் எழுத்தும் ஏற்றி, துடைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அக்காவின் ஊர். அக்கா வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலைச் செடியிலிருந்து காய்களைப் பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார். நான் போனை எடுத்து வைத்து, இது உங்களுக்குத்தான், இதிலிருந்து யாரும் எதையும் எடுக்க முடியாது என்று விளக்கினேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதுல அந்த ஆப்பு ஏறாதா?"

"ஏறாது அக்கா."

"வாட்ஸாப்பு?"

"வராது."

"பொண்ணு காலேஜு மெசேஜ் எல்லாம் அதுலதான் வருது." போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். "அப்ப இத்த எடுத்துக்கினு நான் எந்த கம்பெனி கேட்டுல போய் நிக்கிறது? எவன் உள்ள வுடுவான்?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உன்து பர்மனென்ட் வேல. மிஷினு நின்னா உன்னத்தான் கூப்புடணும். நீ எந்த போன எடுத்துக்கினு போனாலும் வுடுவானுங்க. நானும் அப்டின்னு நெனச்சிக்கினியா?" அவர் கத்தவில்லை. கடலைத் தோல் ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு ரூம்புல ஒரு வார்த்த பேசுனியா நீ? மொதல்ல அத்த பேசு. அப்பால போனு குடு."

போனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். நான் நல்லவளாகத்தான் திரும்பினேன் என்று எழுத ஆசை. இல்லை. பெரியபாளையத்தில் பஸ் மாறும்வரை எனக்கு அக்காமீதுதான் கோபம். ஒரு வாரம் உட்கார்ந்து செய்ததை இப்படித் தூக்கி வைத்துவிட்டாரே என்று. அடுத்த பஸ்ஸில் சீட் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னது ஒவ்வொன்றாக ஏறியது. எனக்குப் பிடித்த போனை நான் வைத்துக்கொள்வதால் யாருடைய புள்ளியும் அழியப் போவதில்லை. நான் பேசாமல் நின்றதற்கு அந்தப் போன் ஈடும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு என் லினக்ஸ் போனை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் எல்லோரும் பச்சைத் திரையைக் காட்டிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். என் முறை வந்தபோது போனை நீட்டினேன். செக்யூரிட்டிக்கு அது என்ன என்று தெரியவில்லை. ஆப்பு எங்கேம்மா என்றார். இதில் ஏறாது அண்ணா என்றேன். அவர் உள்ளே போன் செய்தார். ஹெச்.ஆர். அதிகாரி வந்தார். வேறு போன் கொண்டு வாருங்கள் என்றார்.

"என் போனு இதுதான் சார்."

"இது என்ன போன்? கம்பெனி ரூலுக்கு ஒத்துவராத போன வச்சிக்கிட்டு வந்தா எப்படி?"

"என் சொந்த போன்ல இன்னா இருக்கணும்னு கம்பெனி ரூல் போட முடியுமா? முடியும்னா எழுத்துல குடுங்க. இல்லன்னா கம்பெனி போனு குடுங்க, உள்ள வந்ததும் எடுத்துக்கறேன், போவும்போது குடுத்துடறேன்."

லினக்ஸ் போனுக்குள் ஒரு பெட்டி மாதிரி வைத்து அந்த ஆப்பை ஓட்ட வழி இருக்கிறது. எனக்கு அது தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இது பாதுகாப்புக்காக, உங்கள் நல்லதுக்காக என்று ஆரம்பித்தார். அந்த இடத்தில்தான் எனக்கு அடக்க முடியாமல் போனது. வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினேன். ஊத்துக்கோட்டை அக்கா ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அறையில் நடந்ததைச் சொன்னேன். குளிக்கிற இடத்துப் புள்ளியைச் சொன்னேன். என் ஸ்கேன் சென்டரைச் சொன்னேன். ஆண்கள் வரிசையும் நின்று கேட்டுக்கொண்டிருந்தது, நான் வெட்கப்படவில்லை. பிறகு இதைச் சொன்னேன்:

"உங்க எல்லாருக்கும் அந்த பட்டன அழுத்துனது நான். எல்லா நேரமும் பாத்துக்கோன்னு அர்த்தம் அதுக்கு. உங்கள கேக்காம அழுத்துனேன். தப்பு என்து. இப்போ நீங்களே செட்டிங்ஸ்ல போய் மாத்துங்க. செவப்பு வரும். வரட்டும்."

எல்லோரும் மாற்றினார்கள் என்று எழுத முடியாது. பெரும்பாலோர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. பன்னிரண்டு பேர் மாற்றினார்கள். பன்னிரண்டு திரையும் சிவப்பானது. அவர்களில் நாலு பேர் ஒப்பந்தத் தொழிலாளிகள். நாங்கள் பதின்மூன்று பேரும் கேட்டுக்கு வெளியே, லாரி நிற்கிற இடத்தில் வெயிலில் நின்றோம். உள்ளே மூன்று பலகைகள் காலியாக இருந்தன, சோதனை மேடையில் ஆள் இல்லை. லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கி டீ குடிக்கப் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து பிளான்ட் மேனேஜர் வந்தார். எங்களிடம் ஒன்றும் பேசாமல் செக்யூரிட்டியிடம், பழைய ரிஜிஸ்டரை எடுத்து இவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள் என்று மட்டும் சொன்னார்.

அதை வெற்றி என்று அன்று நினைத்தோம். மூன்று வாரத்தில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருபத்தாறு ஆனார்கள். ஆனால் அந்த நாலு ஒப்பந்தப் பெண்களில் இரண்டு பேரை அடுத்த மாதம் வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். அது தூரம், பஸ் இல்லை. ஒருத்தி போகிறாள், ஒருத்தி நின்றுவிட்டாள். என்னை யாரும் தொடவில்லை. அக்கா சொன்னது அப்படியே நடந்தது. மிஷின் நின்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

பிறகு ஒரு நாள் கேட்டில் முகத்தைப் பார்த்துப் பதிவு செய்கிற மிஷின் வந்தது. ஆப் இனி தேவையில்லை, பணியாளர்களின் வசதிக்காக நிர்வாகம் எடுத்த முடிவு என்று கேன்டீனில் ஹெச்.ஆர். அதிகாரி மைக்கில் சொன்னார். சிலர் கை தட்டினார்கள். எனக்கு அந்த மைக்கைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. அவர் முடித்ததும் எழுந்து, இதுவரை எடுத்த புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டீர்களா என்று கேட்டேன். அது ஆப் செய்த கம்பெனியிடம் இருக்கிறது, எங்கள் கையில் இல்லை என்றார். எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். அது கிளவுடில் இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கு நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். பதில் இல்லை.

கேட்டில் நடந்தது அக்காவின் காதுக்கு எப்படியோ போயிருந்தது. ஒரு சாயங்காலம் அவரே என் லினக்ஸ் போனுக்கு அழைத்தார்.

"கேட்டாண்ட பேசுனியாமே?"

"பேசுனேன் அக்கா."

"லேட்டா பேசுன."

"ஆமா."

போன் கரகரத்தது. "இன்னா போனு வச்சிக்கினு கீற நீ, ஒன்னும் கேக்கல," என்றார். பிறகு கேட்டார், "அந்தப் புள்ளி எல்லாம் இன்னும் அவன்கிட்டதான் கீதா?"

இருக்கிறது என்றேன். அப்படியானால் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம், நீ எழுது, நான் சொல்கிறேன் என்றார். அவருக்கு அதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயும் ஒரு ஆப் போடச் சொல்லியிருக்கிறார்களாம். போட்டுக்கொண்டாராம். அதை எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை குறைதீர் நாளன்று இருவரும் திருவள்ளூரில் சந்தித்தோம். அக்கா அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். இந்தத் தடவை காய்ச்சல் என்று சொல்லவில்லை, மனு கொடுக்கப் போகிறேன் என்றே சொன்னாராம். வரிசை நீளம். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு என்று எல்லோர் கையிலும் ஒரு காகிதம். எங்கள் முறை வந்தபோது பதிவு செய்கிற பெண் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"புள்ளின்னு எழுதியிருக்கீங்களே, என்ன புள்ளிம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினார்.

"நான் எங்கெங்க போனேன், எங்க நின்னேன்றதும்மா. வேலய வுட்டு எடுத்துட்டானுங்க, அது போவட்டும். அத்த ஏன் அவன் வச்சிக்கினு கீறான்? அது என்து. அழிக்கச் சொல்லுங்க."

அந்தப் பெண் மறுபடி மனுவைப் பார்த்தார். இது எந்தத் துறையில் வரும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் தொழிலாளர் துறை என்று குறித்துக்கொண்டு, எண் போட்ட ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அக்கா அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றாக நடந்தோம். சாப்பிடலாம் என்று நான் கூப்பிட்டேன். மதியம் ஷிப்டு இருக்கிறது என்று சொல்லி அவர் ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பதில் வந்தால் எனக்குச் சொல் என்றார்.

மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. அதற்குப் பிறகு இதுவரை ஒன்றும் வரவில்லை.